செவலையும் மயிலையும் ஆஜர்

யுவ வருஷம் பங்குனி மாதம் பதினெட்டாம் தேதி, உச்சிப் பொழுதில், கால்நடைத் துயர் தீர்ப்புக் கமிட்டி சின்னண்ணன் தோட்டத்து மாட்டுக்குழி மேட்டில் கூடியபோது ஆஜரானவர்கள்:

ராவ் சாகிப் அர்த்தநாரி அவர்கள், கமிட்டித் தலைவர். நாற்காலியில்.
மாட்டு டாக்டர். இன்னொரு நாற்காலியில்.
ராசப்பன், கமிட்டி குமாஸ்தா. தகரப்பெட்டியின் மேல்.
பச்சமுத்து, கமிட்டிச் சேவகன். குடை பிடித்துக்கொண்டு.
சின்னண்ணன், தோட்டக்காரன். வெயிலில்.
செவலைக் காளை ஒன்று, மயிலைக் காளை ஒன்று. குழிக்குள்.

கடைசி வரியை எழுதுவதற்கு முன் ராசப்பன் பேனாவை நிறுத்தித் தலைவரைப் பார்த்தான்.

"செத்துப் போனதை ஆஜர்னு எழுதலாமுங்களா?"

ராவ் சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ ஒரு விதி வெளியே வரப் போகிறது என்று அர்த்தம்.

"யாருடைய சாவை விசாரிக்கிறோமோ அவர் இல்லாமல் விசாரணை நடத்தினால், நாளைக்கு மேலே இருந்து கேள்வி வருமா வராதா? அவை எங்கே இருக்கின்றன? நமக்கு ஆறு அடி கீழே. இதே ஆறு அடி பக்கவாட்டில் தள்ளி நின்றிருந்தால் நீ ஆஜர் என்று எழுத மாட்டாயா?"

ராசப்பன் எழுதினான். சின்னண்ணனின் இடது கட்டைவிரலை மையில் அமுக்கிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள். காளைகளிடம் ரேகை கேட்கவில்லை. அந்த மட்டும் அவை தப்பின.

மாசிக் கடைசியில் வந்த வெக்கை நோய் அந்த ஊரில் நாற்பது உருப்படிக்கு மேல் வாரிக்கொண்டு போயிருந்தது. வாயில் நுரை, பின்னால் ரத்தம், மூன்றாம் நாள் கால் நீட்டல். சின்னண்ணன் அரை ஏக்கர் ராகி நட்டு எட்டாம் நாள் செவலை விழுந்தது. பத்தாம் நாள் மயிலை. தோலை உரிக்கக் கூடாது, அங்கங்கே கிழித்துவிட்டு ஆறு அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், மீறினால் தண்டனை என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சின்னண்ணன் மீறவில்லை. ஒரே குழியாக அகலமாக வெட்டினான். நுகத்தில் எப்படி நின்றனவோ அப்படியே, செவலையை இடப்பக்கமும் மயிலையை வலப்பக்கமும் இறக்கினான். வேறு மாதிரிக் கிடத்த அவனுக்குக் கை வரவில்லை.

நாற்பதடிக் கிணறு. நீர் இறைக்கிற கவலைச் சரிவில் ஒரு சோடி மாடு பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்கினால்தான் சால் என்கிற பெரிய வாளி நிறைந்து மேலே வரும். மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் ராகி காய்ந்துவிடும். ராகி காய்ந்தால் அடுத்த தை வரை வீட்டில் உலை இல்லை. மாடு இழந்தவர்களுக்குப் புதுச்சோடி பிடிக்கக் கமிட்டி பணம் தரும் என்று அதே தண்டோராக்காரன்தான் வந்து சொல்லிப் போனான். பயிர் உயிரோடு இருக்கும்போதே ஒரு சோடி மாடு வந்துவிட வேண்டும். சின்னண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

ராவ் சாகிப் எழுந்து குழி மேட்டில் நின்று பேசினார். கேட்பதற்கு ஆறு பேர் இருந்தார்கள் என்று ராசப்பன் எழுதிய மகஜர் சொல்கிறது. அதில் இரண்டு பேர் செத்தவர்கள்.

"இன்னும் சில நாளில் தாது வருஷம் பிறக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் வந்த தாது வருஷத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. மனிதன் மனிதனாகச் செத்தான். மாடு மாடாகச் செத்தது. ஏன்? கமிட்டி இல்லை! எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குக்கூட ஒழுங்கான காகிதம் இல்லை. இந்தத் தாதுவில் அந்த அலங்கோலம் நடக்காது. இனி சாகிற ஒவ்வொரு உயிரும் முறைப்படி சாகும்."

பச்சமுத்து குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினான். தலைவர் மேல் வெயில் பட்டதும் நிறுத்திக்கொண்டான்.

மாட்டு டாக்டரிடம் சாவுச் சான்று கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"நான் இந்த மாடுகளை உயிரோடு பார்த்ததே இல்லை. உயிரோடு பார்க்காததைச் செத்துப் போனது என்று நான் எப்படிச் சொல்வது?"

"தோண்டிக் காட்டட்டுங்களா?" என்றான் சின்னண்ணன்.

"தோண்டினால் ஆறு மாசம் ஜெயில்" என்றான் ராசப்பன், எழுதிக்கொண்டே.

அப்புறம் விதி ஒன்பதைத் தேடி எடுத்தார்கள். உடல் காட்ட வகையில்லாத இடத்தில், மாட்டின் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் கமிட்டி ஆபீசில் ஒப்படைக்கப்பட வேண்டியது. நாற்காலிகளைப் பச்சமுத்து தலையில் தூக்கிக்கொண்டான். கமிட்டி கலைந்தது. ஆஜரானவர்களில் இருவர் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

*

கயிறு இரண்டும் கட்டுத்தரையின் குறுக்குச் சட்டத்தில் தொங்கின. பக்கத்தில் மணிகள். செத்த மாட்டின் கயிறு அடுத்த சோடி வரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும்.

சின்னண்ணனும் அவன் பெண்சாதி ஆத்தாயியும் ஒரு மாசமாகத் தாங்களே நுகத்தடியைத் தோளில் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். பாதிச் சால்தான் இழுக்க முடிந்தது. ஆனாலும் தண்ணீர் வந்தது. உச்சி வெயிலில் அவர்கள் சரிவில் இறங்கும்போது, அங்கே யாரும் இல்லாத கட்டுத்தரையில் மணி ஆடும். காற்று இராது. பனையோலை அசையாது. மணி மட்டும் இரண்டு தட்டுத் தட்டும். அந்த நேரத்தில் தோளில் பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று இருந்தது.

அவன் கயிறுகளை அவிழ்க்கப் போனபோது ஆத்தாயி குறுக்கே வந்தாள்.

"ஏனுங்க, கயித்தயா கேக்கறாங்க?"

"ஆமா புள்ள. அதக் குடுத்தாத்தா பணமாமா."

"எங்கப்பன் எத்தன சந்தைல மாடு வித்திருப்பாரு. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுப் பேரம் பேசி, காசு கைக்கு வந்தப்பறமும், கயித்த மட்டும் அவுத்து மடியில கட்டிக்கிட்டுத்தா ஊடு வருவாரு. வாங்கறவன் அவங் கயித்தக் கொண்டாந்து மாத்திக்கோணும். உங்களுக்குத் தெரியாததா?"

"இது விக்கறதில்லயே. செத்ததுக்கு அத்தாச்சி."

"கயித்தக் குடுத்தா மாடு அதும் பொறவே போயிருமுங்க."

"செத்த மாடு எங்க புள்ள போவும்?"

ஆத்தாயி கட்டுத்தரையைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரீலீங்க. இப்ப எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவன் வயல் பக்கம் திரும்பினான். ராகி முழங்கால் உயரம் வந்திருந்தது. கயிறுகளை மடித்துத் துண்டில் முடிந்தான். மணிகளின் நாக்கில் பஞ்சு திணித்தான். ஐந்து மைல் தூரம் அவை பேசிக்கொண்டே வருவதை அவனால் கேட்க முடியாது.

*

கமிட்டி ஆபீஸ் கொண்டித்தொட்டியை ஒட்டினாற்போல் இருந்தது. ஊரார் பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம் அது. நாலு பக்கமும் ஆளுயர மதில், ரோட்டுப் பக்கம் இடுப்பளவில் ஒரு கம்பிச் சன்னல், ஒரே கதவு. வெக்கைக்குப் பிறகு மிஞ்சிய மாடுகளை யாரும் வெளியே விடாததால் காலியாகக் கிடந்தது.

அன்று தாது வருஷம் சித்திரை மூன்று. தலைவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். சின்னண்ணன் முடிச்சை அவிழ்த்தான். ஆனால் கை நீளவில்லை. கயிறு அவன் உள்ளங்கையிலேயே சுருண்டு கிடந்தது.

"என்ன தயக்கம்?" என்றார் ராவ் சாகிப்.

தான் கமிட்டிக்காக எத்தனை பெரிய காரியம் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று சின்னண்ணன் நினைத்தான். அவன் செய்த தப்பு இதுதான்.

"எசமாங்க, நாங்க மாட்டையே வித்தாலும் கயித்தக் குடுக்க மாட்டமுங்க. எங்க பாட்டம் பூட்டங் காலத்துல இருந்து குடுத்ததில்லீங்க. கயித்தக் குடுத்தா மாட்டையே மனசார ஒப்புக் குடுத்த மாதிரிங்க. உங்களுக்குன்னுதா குடுக்கறனுங்க" என்று சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்தான்.

ராவ் சாகிப்பின் வீட்டிலும் கட்டுத்தரை உண்டு. அவருக்கும் இந்த வழக்கம் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராசப்பா, அவன் சொன்னதை அப்படியே எழுது. ஒரு எழுத்து விடாதே."

ராசப்பன் எழுதிப் படித்தான். சின்னண்ணன் ஆகிய நான், என் செவலைக் காளையையும் மயிலைக் காளையையும், என் குல வழக்கப்படி கயிறு கொடுத்து, மனப்பூர்வமாகச் சர்க்காருக்கு ஒப்புக் கொடுத்திருக்கிறேன். சின்னண்ணன் சரிதான் என்று தலையாட்டினான். படித்ததில் அவன் சொல்லாதது எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. கட்டைவிரலைக் கேட்டார்கள். கொடுத்தான்.

ராவ் சாகிப் எழுந்து நின்றார். பச்சமுத்துவை அனுப்பி அரளிப்பூ மாலை ஒன்று வாங்கிவரச் சொன்னார். சின்னண்ணன் கழுத்தில் போட்டார்.

"கேட்பவர்கள்தான் இந்த ஜில்லாவில் அதிகம். கொடுப்பவனை இன்றுதான் பார்க்கிறேன். இந்தக் கமிட்டி ஏற்பட்டு ஒரு மாசம் ஆகிறது. இதுவரை நாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் இன்று எங்களுக்கு ஒருவன் கொடுத்திருக்கிறான். கமிட்டியின் வேலை வீண் போகவில்லை."

பச்சமுத்து இந்த முறை நிறுத்தாமல் கை தட்டினான்.

மாலையோடு சின்னண்ணன் வெகுநேரம் நின்றான். கடைசியில் கேட்டான்.

"பணம் எப்பக் கெடைக்குமுங்க?"

"ஏய்யா, எந்தப் பணம்?" என்றான் ராசப்பன். "நிவாரணம் மாட்டை இழந்தவனுக்கு. நீ எங்கே இழந்தாய்? கொடுத்துவிட்டாய்."

"செத்துப் போச்சுங்களே! எங் குழியில கெடக்குதுங்களே!"

ராசப்பன் காகிதத்தைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். குரல் மாறிவிட்டது.

"சர்க்கார் மாடு உன் குழியில் ஏன் கிடக்கிறது?"

*

அந்தக் கேள்வி பத்து நாள் ஆபீசைச் சுற்றி வந்தது. குழியைத் தோண்டக் கூடாது. சர்க்கார் மாட்டைத் தனியார் நிலத்தில் விட்டுவைக்கவும் கூடாது. ராவ் சாகிப் ஒரு வழி கண்டார். காளைகள் இருப்பதற்கு அடையாளமாகக் கயிறுதான் கமிட்டியிடம் இருக்கிறது. ஆகவே கயிறு இருக்கும் இடத்தில் காளைகள் இருப்பதாகக் கொள்ள வேண்டியது. பச்சமுத்து இரண்டு கயிற்றையும் மணியோடு கொண்டித்தொட்டியில் இரண்டு முளைக்குச்சியில் கட்டினான். பஞ்சு விதியில் இல்லாததால் ராசப்பன் அதைப் பிடுங்கி எறிந்தான்.

மாடு கொடுத்தவன் முதல் நாற்பது நாளைக்குத் தீவனமும் தர வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. தராவிட்டால் சர்க்கார் மாட்டைப் பட்டினி போட்ட வழக்கு. தந்தால்?

"ஒழுங்காகச் சோளத்தட்டு வந்தால் தலைவர் மனசு இரங்கும். உனக்கு ஒரு சோடி மாடு தனியாக மஞ்சூர் செய்யலாம் என்று அவரே சொன்னார்" என்றான் ராசப்பன்.

சின்னண்ணன் நாள் விட்டு நாள் ஒரு கட்டுச் சோளத்தட்டைத் தலையில் வைத்து ஐந்து மைல் நடந்தான். செத்த மாட்டுக்குத் தீவனம் சுமக்கிறவனை வழியில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கமிட்டியில் ஒரு மனு இருந்தது.

தோட்டத்தில் இப்போது மணிச் சத்தம் இல்லை. கயிறு போன அன்றோடு அது நின்றுவிட்டது. உச்சி வெயிலில் சரிவில் இறங்கும்போது தங்கள் மூச்சு மட்டும்தான் கேட்டது. பாதிச் சால் கால் சாலாயிற்று. அவன் இடத்தோளில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, கடைசியில் கொப்பரை மாதிரிக் காய்த்துப் போயிற்று. ராகி கதிர் வாங்கி நின்றது. பால் பிடிக்க இரண்டு நல்ல தண்ணீர் வேண்டும்.

"நாஞ் சொன்னனில்லீங்க" என்று ஒரு தரம் ஆத்தாயி சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை.

ஒரு நாள் நண்பகலில் தட்டுக் கட்டை இறக்கப் போனபோது, பச்சமுத்து கொண்டித்தொட்டிக்கு வெளியே சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். 

"அண்ணா, ஒண்ணு கேக்கறன், சத்தியமாச் சொல்லுங்க. நீங்க வந்து தட்ட எடுத்துட்டுப் போறீங்களா?"

"அஞ்சு மைல் சொமந்தாந்து போட்டுட்டு மறுக்காச் சொமக்க எனக்குக் கிறுக்கா?"

"அப்ப யாருங்க திங்கறது? நானா? தட்டு திங்கற மூஞ்சியா இது?"

சின்னண்ணன் உள்ளே போய்ப் பார்த்தான். இரண்டு முளைக்குச்சிக்கும் எதிரே அடித்தட்டு மட்டும் கிடந்தது. செவலை அடித்தட்டைத் தொடாது. நுனியிலிருந்து தின்று, கணுவுக்குக் கணு கடித்து, அடியை விட்டுவிடும். கையில் எடுத்துப் பார்த்தான். நுனி ஈரமாக இருந்தது.

"உச்சிப் பொழுதானா மணி கேக்குதுங்க" என்றான் பச்சமுத்து, கதவுக்கு வெளியிலிருந்தே. "ரெண்டு மணி. எட்டிப் பாத்தா ஒண்ணுமில்ல."

"சாணி இருக்குதா?"

"இல்லீங்க. அதனாலதா நா உள்ள போறதில்ல."

பச்சமுத்து பயத்தில் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டான். தீவனம் செலவாகிறது, மணி கேட்கிறது என்பதை ராசப்பன் சந்தோஷமாக எழுதிக்கொண்டான். காளைகள் நல்ல ஆரோக்கியத்தில் இருப்பதாக மேலே ஒரு கடிதம் போயிற்று. ஆனால் சாணி இல்லை என்பதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு காளைகளின் பத்து நாள் சாணி எங்கே, சர்க்கார் எருவை யாருக்கு விற்றாய் என்று பச்சமுத்துவுக்கு ஒரு மெமோ கொடுத்தான். பச்சமுத்து அன்றிலிருந்து விடியற்காலையில் மூன்று தெரு தள்ளிப் போய்க் கூடையில் சாணி பொறுக்கி வந்து கொண்டித்தொட்டியில் போட ஆரம்பித்தான். தலைவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

*

அந்தக் கடிதத்தின் பலனாக, வைகாசி ஆறாம் தேதி சூரமங்கலத்தில் ரயிலிறங்கி, ஸ்பெஷல் ஆபீசர் ஒருவர் சர்க்கார் காளைகளைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஜில்லாவிலேயே ஜனங்கள் மனமுவந்து சர்க்காருக்கு மாடு கொடுத்த ஒரே இடம் இதுதானாம்.

ஆறாம் தேதி காலையில் பச்சமுத்து தோட்டத்துக்கு ஓடி வந்தான். சின்னண்ணனும் ஆத்தாயியும் நுகத்தில் இருந்தார்கள். மூன்று நாளாகச் சாலில் தண்ணீர் சரியாக ஏறவில்லை. ராகிக் கதிர்கள் தலை சாய்ந்திருந்தன.

"தலைவரு உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க. தொட்டியில செத்த நேரம் நின்னாப் போதுமாம். துரை வெளிய கார்ல இருந்தே சன்னல் வழியாப் பாப்பாராம். முதுகும் கயிறும் தெரிஞ்சாச் சரியாம். பார்வை முடிஞ்சதும் புதுச்சோடிக்கு உத்தரவு. காகிதத்துல கையெழுத்தே போட்டு வெச்சிருக்காரு, நாங் கண்ணால பாத்தன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அக்காளும் வந்தா ரெண்டாயிருமாம்."

ஆத்தாயி நுகத்தடியை இறக்கி வைத்தாள்.

"ஏஞ்சாமி, உங்க தலைவரு ஊட்டுல மாட்டுக்கா பஞ்சம்? இல்ல, தலைவருக்குத்தா முதுகு இல்லயா? அவரப் போயி நிக்கச் சொல்லு. மாலை நான் போடறன்."

"அதெப்பிடிங்கக்கா…"

"நீங்களும் போவாதீங்க" என்றாள் புருஷனிடம். "பயிர் போனாப் போவுது. கூலிக்குப் போலாம்."

சின்னண்ணன் ராகியைப் பார்த்தான். ஒரு தண்ணீர். இன்று சாயங்காலம் மாடு கிடைத்து நாளைக்கு இறைத்தால் பிழைத்துவிடும். அது ஒன்று. இன்னொன்றை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. உச்சிப் பொழுதில் அந்த மணியை ஒரு தரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள மாட்டோட வாரன் புள்ள" என்றான்.

அவள் நுகத்தடியைத் தூக்கி, தனியாளாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். ஒருபக்கம் சாய்ந்தது.

*

கொண்டித்தொட்டியைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கதவில் மாவிலை. ராசப்பன் அவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னான். மாட்டு டாக்டர் வந்து அவன் இடத்தோளில் விரலை வைத்து அழுத்தினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

"நுகக்காய்ப்பு நன்றாக விழுந்திருக்கிறது. வேலைக்காரச் சாதி. கொஞ்சம் இளைப்பு, தீவனக் குறைவு. மற்றபடி குற்றமில்லை." கை கழுவிக்கொண்டு சொன்னார்: "அன்றைக்கு நான் சான்று தர மறுத்ததில் உனக்கு வருத்தம் இருந்திருக்கும். இப்போது உயிரோடு பார்த்துவிட்டேன். இனி எப்போது செத்தாலும் தாராளமாக எழுதித் தருவேன்."

"ஒன்றுதான் இருக்கிறதே" என்றார் ராவ் சாகிப்.

"ஒன்று நிற்கட்டுமுங்க. இன்னொன்று படுத்திருக்கும். படுத்திருக்கிற மாடு சன்னலில் எப்படித் தெரியும்?" என்றான் ராசப்பன்.

ராவ் சாகிப் அவனைப் பெருமையோடு பார்த்தார். செவலையின் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்து, மணியோடு சேர்த்துச் சின்னண்ணன் கழுத்தில் கட்டினார்கள். அவன் தானாகவே இடப்பக்கம் போய் நின்றுகொண்டான். குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றினான். இரண்டு மாசப் பழக்கம். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தான். அந்தப் பக்கத்து முளையில் கட்டிய மயிலையின் கயிறு தரையில் கிடந்தது.

கார் வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. மதிலுக்கு அப்பால் ராவ் சாகிப்பின் குரல் கேட்டது.

"இவை வெறும் மாடுகள் அல்ல. ஜனங்களுக்கு நம்மேல் உள்ள நம்பிக்கை. வெக்கை வந்தது, பயிர் காய்ந்தது, ஆனால் மனுக்களின் எண்ணிக்கை பாருங்கள், மாசத்துக்கு மாசம் ஏறுகிறது. நம்பிக்கை இல்லாதவன் மனு எழுதுவானா?"

ஆபீசர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ராசப்பன் அதைத் தமிழில் சொன்னான். "கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்கிறார். சர்க்கார் சொத்தாம். எத்தனை உருப்படி என்று எண்ணி, பூட்டி, சாவியைக் காருக்குக் கொண்டுவர வேண்டுமாம். மறு உத்தரவு வரும்வரை திறக்கக் கூடாதாம்."

சின்னண்ணனுக்கு அது காதில் விழுந்தது. நிமிர்ந்து, எசமாங்க, நாந்தானுங்க என்று சொல்லலாம். சொன்னால் உத்தரவுக் காகிதம் போய்விடும். கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாராம். சொல்லாமல் இருந்தால், கார் போனதும் பச்சமுத்து எப்படியாவது திறப்பான். அவன் குனிந்தே நின்றான்.

உச்சிப் பொழுது. மதில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டது. அப்போது வலப்பக்கத்தில் கயிறு தரையில் உராய்ந்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. சூடான மூச்சு ஒன்று அவன் வலத்தோளில் பட்டது. தவிட்டுத் தண்ணீர் வாசம், சுண்ணாம்பு வாசம். சோளத்தட்டைக் கணுவில் கடிக்கிற சத்தம். மயிலை எப்போதும் நெருக்கிக்கொண்டுதான் நிற்கும். அவன் இடப்பக்கம் அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தான். அவன் கழுத்தில் மணி ஒரு தட்டுத் தட்டியது. பக்கத்தில் இன்னொரு மணி அதற்குப் பதில் சொன்னது.

பச்சமுத்து கதவடியில் வந்து நின்றான். உள்ளே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைக் கொடுத்தான்.

"எத்தனை?" என்று ராசப்பன் காரடியிலிருந்து கத்தினான்.

"ஒண்ணு…" என்றான் பச்சமுத்து. கண்ணைத் திறக்காமலே இன்னொரு விரலை மடக்கினான். "ரெண்டு. ரெண்டும் இருக்குதுங்க."

கதவைச் சாத்தினான். நாதாங்கியைப் போட்டான். பூட்டு விழுந்தது.